மண்ணும் தவளையும் தந்த மருந்து

மண்ணிலும் நீரிலும் காற்றிலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கோடானுகோடியாக நிறைந்திருக்கின்றன. அவற்றின் நடுவிலேதான் மரமும் பூச்சியும் தவளையும் பிறந்து வளர்ந்து வாழ்கின்றன. வைத்தியசாலையோ மருந்துச் சாலையோ இல்லாத காட்டிலும் குளத்திலும் இவ்வுயிர்கள் அழிந்தொழியாது நிலைபெற்றிருப்பது எவ்வாறு? ஒவ்வோர் உயிரும் தன் உடம்பினுள்ளேயே ஒரு படைக்கலச் சாலையை வைத்திருக்கின்றது என்பதே இவ்வினாவுக்கு விஞ்ஞானம் தரும் விடையாகும். அப்படைக்கலங்களுள் முதன்மையான ஒருவகை, பெப்தைட்டு எனப்படும் சிறு புரதத் துண்டுகள். அவற்றைக் கண்டறிந்து, இரசாயன முறையில் மாற்றியமைத்து, மனிதனுக்கு உதவும் மருந்தாக்க விஞ்ஞானிகள் மேற்கொண்ட முயற்சியின் வரலாறு, வெற்றியும் தோல்வியும் விரவியதாகும்.

பெப்தைட்டு என்பது மணிகளைக் கோத்த மாலை போன்றது. அமினோ அமிலங்களே அதன் மணிகள். சில மணிகள் நீரை விரும்புவன. சில எண்ணெயை விரும்புவன. சில நேர்மின்னேற்றம் தாங்கியவை. இன்னுமொரு வேற்றுமையும் உண்டு. நமது வலக்கையும் இடக்கையும் ஒரே வடிவினவாயினும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாதவை அல்லவா? அவ்வாறே பெரும்பாலான அமினோ அமிலங்கள் இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என இரு வடிவங்களில் அமையக்கூடியன. உயிர்களின் புரதங்கள் இடக்கை வடிவங்களாலேயே ஆனவை. இந்தச் சிறு செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. பின்னர் வரும் வரலாற்றில் பெரும் பங்கு கொள்வது இதுவே.

இவ்வரலாற்றின் முதல் அதிகாரம் நியூயோர்க் நகரில், ரொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் எழுதப்பட்டது. அங்கே பணியாற்றிய றெனே டூபோ என்னும் விஞ்ஞானி, மண்ணைப் பற்றி ஆழச் சிந்தித்தவர். இறந்த உயிர்களோடு எத்தனையோ நோய்க்கிருமிகளும் மண்ணிற் போய்ச் சேர்கின்றன. ஆயினும் மண் நோய்க்கிருமிகளாலேயே நிறைந்துவிடவில்லை. எனவே அக்கிருமிகளை அழிக்கும் ஏதோவொன்று மண்ணில் இருத்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார். மண்ணை எடுத்து, அதற்கு உயிருள்ள கிருமிகளையே உணவாகத் தொடர்ந்து ஊட்டிவந்தார். அவ்வுணவை உண்ணவல்ல நுண்ணுயிர் பெருகிற்று. 1939ஆம் ஆண்டில், அந்நுண்ணுயிரிலிருந்து கிருமிகொல்லும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தமையை அவர் உலகுக்கு அறிவித்தார். அவரும் ரொலின் ஹொட்ச்கிஸ் என்பவரும் அதனைத் தூய்மை செய்தபோது, கிராமிசிடின், டைரோசிடின் என்னும் இருவகைப் பெப்தைட்டுக்கள் அதனுள் அடங்கியிருப்பது புலனாயிற்று.

பெனிசிலின் மருந்தாக உருப்பெறுவதற்கு முன்னரே கிடைத்த இந்தப் பொருள் பெரும் நம்பிக்கையை ஊட்டிற்று. ஆயின் விரைவிலேயே அதன் மறுபக்கமும் தெரியவந்தது. இரத்தத்திற் செலுத்தியபோது அது கிருமிகளோடு செங்குழியங்களையும் உடைத்தழித்தது. புண்ணின்மேல் இடுவதற்கு உதவிய மருந்து, உடலினுள்ளே நஞ்சாயிற்று. கிருமியைக் கொல்லும் ஆற்றலையும் மனிதனுக்குத் தீங்கு செய்யும் ஆற்றலையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியுமா? அன்று எழுந்த இவ்வினாவே இத்துறையின் வரலாறு முழுவதையும் நடத்திச் செல்வதாயிற்று.

இரண்டாவது அதிகாரம் போர்க்காலத்து மொஸ்கோவிற் பிறந்தது. ஜோர்ஜி கவுசே என்பவர், ஓரிடத்தில் ஒரே உணவுக்காகப் போட்டியிடும் இரு உயிரினங்களுள் ஒன்று மற்றொன்றை வெளியேற்றிவிடும் என்பதைப் பரிசோதனையாற் காட்டி, 1930களிலேயே புகழ் பெற்றவர். நுண்ணுயிர்களின் போட்டியை ஆராய்ந்த அவரே, அப்போட்டியில் அவை கையாளும் படைக்கலத்தைத் தேடியது பொருத்தமே. அவரும் அவருடைய மனைவியாரும் சக விஞ்ஞானியுமான மரியா பிரஷ்னிக்கோவாவும் 1942ஆம் ஆண்டில், மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவிலிருந்து புதிய பெப்தைட்டு ஒன்றைப் பிரித்தெடுத்தனர். சோவியற் நாட்டைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்து அதற்குக் கிராமிசிடின் எஸ் எனப் பெயரிட்டனர். போர்முனையிலிருந்து வந்த வீரர்களின் சீழ்பிடித்த புண்களைக் கழுவவும் கட்டவும் அது உதவிற்று.

1944ஆம் ஆண்டில், செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக இம்மருந்தின் மாதிரி பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டது. இலண்டனில் லிஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்த றிச்சேட் சிங் என்பவர், அதன் மணிகள் எவை, எவ்வரிசையில் அவை கோக்கப்பட்டுள்ளன என்பவற்றைத் தம் தோழர்களுடன் ஆராய்ந்தார். வடிதாளின்மேற் கரைசலை ஊறவிட்டுப் பொருள்களைப் பிரிக்கும் எளிய முறையொன்றை அவர்கள் கையாண்டனர். இம்முறையின் அடிப்படையை வகுத்தமைக்காக ஆச்சர் மாட்டினும் சிங்கும் 1952இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். 1947இல் வெளிவந்த முடிவு இதுவாகும்: கிராமிசிடின் எஸ் தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரு வளையம். ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட கோவை இருமுறை வந்து, பத்து மணிகளால் அவ்வளையம் அமைந்துள்ளது. அப்பத்தில் இரண்டு, இயற்கையில் அரிதாகிய வலக்கை வடிவின. வேறிரண்டு நேரேற்றம் தாங்கியவை.

அக்காலத்தில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் டொறதி ஹொட்ஜ்கின் அம்மையார் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு பளிங்குகளின் அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகூடத்தில் கிராமிசிடின் பளிங்குகளை ஆராய்ந்து தமது பட்டத்துக்கான ஆய்வினை எழுதிய மாணவி ஒருவர், இரசாயனத்தைக் கைவிட்டு அரசியலிற் புகுந்து, 1979ஆம் ஆண்டில் பிரித்தானியப் பிரதமரானார். அவரே மாகிரட் தட்சர்.

வரிசை தெரிந்த மாலையைக் கையாற் கோத்துப் பார்க்க விழைவது இரசாயனவியலாளரின் இயல்பு. சுவிற்சர்லாந்திலே பாசல் நகரில் றொபேட் ஷ்வைசரும் பீற்றர் சீபரும் 1950களின் நடுப்பகுதியில் கிராமிசிடின் எஸ்ஸின் வளையத்தைச் செயற்கையாகவே ஆக்கிமுடித்தனர். பொருளை ஆக்கத் தெரிந்தவனுக்கு அதனை மாற்றவும் தெரியும் அன்றோ? ஒரு மணியைக் கழற்றி வேறொன்றை இட்டால் என்ன நிகழும் என்று கேட்பதற்கு அன்றுதான் வழி பிறந்தது. யப்பானிலே கியூஷூ பல்கலைக்கழகத்தில் நொபுவோ இசுமியாவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாக இவ்வாறு மணிகளை மாற்றி மாற்றிப் புதிய வளையங்களைச் செய்து சோதித்தனர்.

இச்சோதனைகளின் பயனை விளங்கிக்கொள்வதற்கு, இப்பெப்தைட்டுக்கள் கிருமியைக் கொல்லும் விதத்தை அறிதல் வேண்டும். ஒவ்வோர் உயிர்க்கலத்தையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கின்றது. பற்றீரியாவின் புறமுகம் மறைமின்னேற்றம் மிகுந்தது. மனிதக் கலத்தின் சவ்வோ, வெளிப்புறத்திற் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாதது. கொலஸ்ரரோல் சேர்ந்து உறுதி பெற்றது. பெப்தைட்டின் ஒருபக்கத்தில் நேரேற்றமும் மறுபக்கத்தில் எண்ணெயை விரும்பும் தன்மையும் உள்ளன. நேரேற்றம் பற்றீரியாவின் மறையேற்றத்தால் ஈர்க்கப்படுகின்றது. அணுகியபின் எண்ணெய்ப் பக்கம் சவ்வினுள் நுழைந்து அதனைக் குலைக்கின்றது. கலத்தின் உள்ளீடு கசிய, கிருமி மடிகின்றது.

இங்கேதான் இடர்ப்பாடும் இருக்கின்றது. பெனிசிலின் தாக்கும் சுவர் பற்றீரியாவுக்கு உண்டு, மனிதக் கலத்துக்கு இல்லை. சவ்வோ இரண்டுக்கும் உண்டு. பகைவனுக்கும் நண்பனுக்கும் இடையே உள்ள வேற்றுமை வகையால் அன்று, அளவால் ஏற்பட்டது. எண்ணெய்ப் பக்கத்தை மிகுதியாக்கினால் பெப்தைட்டின் வேகம் கூடும். கூடவே செங்குழியங்களும் உடையும். ஆற்றலைக் கூட்டுவது எளிது. பகுத்தறியும் திறனைக் கூட்டுவதே அரிது.

1990களில் கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகத்தில் றொபேட் ஹொட்ஜஸ் குழுவினர் இதனைத் தெளிவுறக் காட்டினர். பத்து மணி வளையத்தைப் பதினான்கு மணிகளாக அவர்கள் பெரிதாக்கியபோது, கிடைத்த பெப்தைட்டு செங்குழியங்களைக் கடுமையாகத் தாக்கியது. பின்னர் அவ்வளையத்தில் ஒவ்வொரு மணியாக எடுத்து, இடக்கை வடிவத்துக்குப் பதில் வலக்கை வடிவத்தையும் வலக்கைக்குப் பதில் இடக்கையையும் வைத்துப் பார்த்தனர். சில இடங்களிற் செய்த இம்மாற்றத்தால் வளையத்தின் இரு பக்கங்களும் தெளிவாகப் பிரிந்து நில்லாது சற்றே கலந்தன. அதனால் செங்குழியங்களுக்கு நேர்ந்த தீங்கு மிகக் குறைந்தது. பற்றீரியாவைக் கொல்லும் ஆற்றலோ உயர்ந்தது. டூபோவின் காலத்தில் எழுந்த வினாவுக்கு, பிரிக்க முடியும் என்று ஆய்வுகூடம் விடை பகர்ந்தது.

இதற்கிடையே விலங்குலகிலிருந்தும் புதிய செய்திகள் வந்துகொண்டிருந்தன. ஸ்ரொக்ஹோமில் ஹான்ஸ் போமன் என்பவர், செக்ரோப்பியா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிற் பற்றீரியாக்களைச் செலுத்தி ஆராய்ந்தார். மனிதரைப்போல நோயெதிர்ப்புப் புரதங்களை ஆக்கும் அமைப்பு பூச்சிகளுக்கு இல்லை. எனினும் அக்கூட்டுப்புழு கிருமிகளை வென்றது. அதன் உடற்றிரவத்திலிருந்து பிரித்தெடுத்த பெப்தைட்டுக்களின் அமைப்பை அவரும் அவருடைய சகாக்களும் 1981இல் வெளியிட்டனர். அவை செக்ரோப்பின் எனப் பெயர் பெற்றன.

அடுத்து வந்தது தவளை. அமெரிக்காவிலே தேசிய சுகாதார நிலையங்களிற் பணியாற்றிய மைக்கேல் சாஸ்லொவ், ஆபிரிக்க நகத்தவளையின் முட்டைகளைத் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தி வந்தார். தவளையின் வயிற்றைச் சத்திரசிகிச்சையாற் பிளந்து முட்டைகளை எடுத்துத் தைத்தபின், மீண்டும் தொட்டியில் விடுவர். அத்தொட்டி நீர் கிருமி நீக்கப்பட்டதன்று. அவ்வாறிருந்தும் தவளையின் காயம் சீழ்பிடிக்காமல் ஆறிற்று. எத்தனையோ பேர் கண்டும் காணாதிருந்த இக்காட்சி சாஸ்லொவைச் சிந்திக்க வைத்தது. தவளையின் தோலில், ஒவ்வொன்றும் 23 அமினோ அமிலங்கள் கொண்ட இரு பெப்தைட்டுக்களை அவர் கண்டார். 1987இல் அவற்றை உலகுக்கு அறிவித்தபோது, எபிரேய மொழியிற் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து மகாயினின் என்னும் பெயரைச் சூட்டினார்.

தவளைக்குக் கேடயமாய் நின்றது மனிதனுக்கும் அப்படியே பயன்படுமா? இரண்டு குறைகள் குறுக்கே நின்றன. முதலாவது, மகாயினினின் ஆற்றல் மருந்துக்கு வேண்டிய அளவுக்குப் போதவில்லை. தவளையின் தோலில் அது செறிந்து ஊறுகின்றது. மருந்தையோ அளவோடுதான் கொடுக்கலாம். இரண்டாவது, மனித உடலிலும் புண்ணின் நீரிலும் புரதங்களை வெட்டும் நொதியங்கள் மலிந்துள்ளன. பெப்தைட்டு அவற்றுக்கு இரையாகிவிடும். ஆகவே ஆற்றலைக் கூட்டுவதும் நிலைபேற்றை அளிப்பதும் இரசாயனவியலாளரின் கடமையாயின.

நிலைபேற்றுக்கு வழிகாட்டிய சோதனை 1990இல் வெளிவந்தது. பெப்தைட்டை மணிமணியாகத் திண்மத் துகள்களின்மேற் கட்டியெழுப்பும் முறையை 1963இல் வகுத்து, அதற்காக 1984இல் நோபல் பரிசு பெற்றவர் புரூஸ் மெரிபீல்ட். அவரும் போமனும் சேர்ந்த குழுவினர், செக்ரோப்பினையும் மகாயினினையும் முற்றிலும் வலக்கை அமினோ அமிலங்களாலேயே ஆக்கிப் பார்த்தனர். இயற்கைப் பெப்தைட்டின் கண்ணாடி நிழல் போன்ற அவை, இயற்கைப் பெப்தைட்டுக்களுக்கு ஒப்பாகவே பற்றீரியாக்களைக் கொன்றன. நொதியங்களோ அவற்றை வெட்ட இயலாது நின்றன. வலக்கையுறை இடக்கைக்குப் பொருந்தாதது போல, நொதியத்தின் பிடிக்கு அவை பொருந்தவில்லை. இச்சோதனை மேலுமோர் உண்மையை நிலைநாட்டிற்று. பெப்தைட்டு கிருமியின் ஏதோவொரு புரதத்தைப் பூட்டுக்குத் திறவுகோல் போலப் பற்றுவதாயின், கண்ணாடி நிழல் பயன்பட்டிராது. ஆகவே அதன் இலக்கு சவ்வே என்பது உறுதியாயிற்று. ஆயின் இவ்வலக்கை மாலைகளை எந்த உயிர்க்கலத்தைக்கொண்டும் வளர்த்தெடுக்க முடியாது, இரசாயனத்தாலேயே கோக்கவேண்டும். செலவு மிகுந்த வழி அது.

மகாயினினை மருந்தாக்கப் புறப்பட்டோர் வேறொரு வழியைத் தேர்ந்தனர். தவளையின் பெப்தைட்டில் நேரேற்றம் தாங்கிய லைசின் என்னும் மணிகள் நான்கு இருந்தன. மாற்றியமைத்த பெப்தைட்டில் அவை ஒன்பதாக்கப்பட்டன. மறையேற்றம் கொண்ட மணியொன்றும், காற்றுப்பட எளிதில் ஒட்சியேறும் மணியொன்றும் நீக்கப்பட்டன. மாலையின் வால்நுனியிலிருந்த அமிலக் கூட்டம் ஏமைட்டாக மாற்றப்பட்டது. அதனால் அந்நுனியின் மறையேற்றம் ஒழிந்தது. அங்கிருந்து அரிக்கும் நொதியங்களுக்கும் தடை ஏற்பட்டது. 22 மணிகள் கொண்ட இப்புதிய பெப்தைட்டுக்குப் பெக்சிகனன் என்று பெயர்.

நீரிழிவு நோயாளரின் காற்புண்ணுக்குப் பூசும் மருந்தாக அது சோதிக்கப்பட்டது. அப்புண் எத்துணைக் கொடியது என்பதை விளக்க வேண்டியதில்லை. கிருமி ஆழச் சென்றால் காலையே வெட்டியெடுக்க நேரிடும். 835 நோயாளர் பங்குபற்றிய இரு சோதனைகளில், பெக்சிகனன் பூசப்பட்டோரும் வாயால் உட்கொள்ளும் ஒபிளொக்சசின் மருந்தைப் பெற்றோரும் ஏறக்குறைய ஒத்த அளவிலேயே நலமடைந்தனர். ஒபிளொக்சசினை எதிர்க்கும் கிருமிகள் தோன்றின; பெக்சிகனனைக் குறிப்பிடத்தக்க அளவில் எதிர்க்கும் கிருமிகள் தோன்றவில்லை. ஆயினும் 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் அதற்கு அனுமதி அளிக்கவில்லை. பின்னர் வேறொரு நிறுவனம் அதனைப் பூச்சுக் களிம்பாக மீண்டும் சோதித்தது. மருந்தில்லாத களிம்பைவிட அது மேம்பட்டதெனக் காட்ட இயலவில்லை என்ற முடிவு 2016இல் வெளிவந்தது. சோதனைக் குழாயிற் பெற்ற வெற்றி நோயாளியின் புண்ணில் வெற்றியாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தோல்வியே முடிவு என்று எண்ணிவிடலாகாது. துருக்கி நாட்டு அராரத் மலையின் மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர் ஒன்று, கொழுப்பு வால் பொருந்திய பெப்தைட்டுக்கள் பலவற்றை ஆக்குகின்றது. இரசாயனவியலாளர் அவ்வாலை மாற்றி மாற்றிச் சோதித்து, ஆற்றலும் பாதுகாப்பும் ஒருங்கே வாய்த்த நீளத்தைத் தேர்ந்தனர். டப்டோமைசின் என்னும் அம்மருந்து, தசைகளுக்குத் தீங்கு செய்வது கண்டு முதலில் ஒதுக்கப்பட்டது. நாளுக்கு இருமுறை கொடுப்பதை விடுத்து ஒருமுறை கொடுத்தால் அத்தீங்கு குறையும் என்று பின்னர் அறியப்பட்டது. 2003இல் அனுமதி பெற்ற டப்டோமைசின், பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளிடமிருந்து உயிர்களைக் காத்து வருகின்றது. எனினும் நுரையீரலிற் சுரக்கும் கொழுப்புப் பசை அதனைச் செயலிழக்கச் செய்வதால், நியுமோனியாவுக்கு அது உதவுவதில்லை. மருந்தின் ஆற்றல் அது நிற்கும் இடத்தையும் பொறுத்தது.

இறுதியாகக் கொலிஸ்ரினின் கதையைக் கூறாது இவ்வரலாற்றை முடித்தல் இயலாது. யப்பானில் கொயாமா என்பவரால் 1950இல் அறிவிக்கப்பட்ட இப்பெப்தைட்டு, சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. அதன் நேரேற்றங்களைக் கந்தகம் அடங்கிய கூட்டங்களால் மூடி, உடலிற் புகுந்தபின் மெல்ல மெல்ல அம்மூடி கழலுமாறு இரசாயனவியலாளர் அமைத்தனர். உறையிலிட்ட வாள் போன்றது அவ்வடிவம். அவ்வாறு அமைத்தும் சிறுநீரகத்துக்கு நேரும் தீங்கு முற்றாக நீங்கவில்லை. ஆகவே பாதுகாப்பான மருந்துகள் வந்தபின், 1970களிலிருந்து வைத்தியர்கள் அதனைப் பெரும்பாலும் கைவிட்டனர். பின்னர் அப்புதிய மருந்துகளுக்குக் கிருமிகள் அடங்காமற் போகவே, 1990களின் இறுதியிலிருந்து பழைய வாள் மீண்டும் கையிலெடுக்கப்பட்டது.

அதே மருந்தைப் பன்றிகளும் கோழிகளும் கொழுத்து வளரும்பொருட்டுச் சில நாடுகளில் தீனியிற் கலந்தும் வந்தனர். 2015ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து வந்த செய்தி மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. கொலிஸ்ரினை எதிர்க்கும் பரம்பரையலகு ஒன்று, ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும் தன்மையுடன், பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளரிடத்திலும் காணப்பட்டது. அது செய்யும் தொழில் யாது? பற்றீரியாவின் புறச்சவ்வில் ஓர் இரசாயனக் கூட்டத்தைச் சேர்த்து, அதன் மறையேற்றத்தைக் குறைத்துவிடுகின்றது. ஈர்ப்புக் குறைய, பெப்தைட்டு அணுக இயலாது போகின்றது. கால்நடைகளின் வளர்ச்சிக்காகக் கொலிஸ்ரினைத் தீனியிற் கலப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது.

மனிதன் பெப்தைட்டின் நேரேற்றத்தைக் கூட்டினான். கிருமியோ தன் மறையேற்றத்தைக் குறைத்துக்கொண்டது. மனிதன் ஆய்வுகூடத்திலே கற்றுக்கொண்ட இரசாயனத்தை, கிருமி ஆய்வுகூடம் இன்றியே கற்றிருக்கின்றது. டூபோ மண்ணுக்குக் கிருமிகளை ஊட்டிய நாளிலிருந்து இன்றுவரை நிகழ்ந்தவை ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. இயற்கை தந்த படைக்கலம், அது பிறந்த இடத்துக்கு ஏற்றவாறு அமைந்தது. அதனை வேறோர் இடத்துக்குக் கொண்டுவர விரும்புவோன், அதன் கூர்மையைத் தீட்டினால் மட்டும் போதாது. அது யாரைத் தாக்கும், யாரை விடும், எங்கே நிலைக்கும், எங்கே கரையும் என்பவற்றையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும். அவ்வாறு அரிதின் முயன்று பெற்ற மருந்தைக் கால்நடைத் தீனியிலும் கவலையற்ற பழக்கத்திலும் வீணாக்காது போற்றுவதோ, இரசாயனவியலாளரின் கடமை மட்டுமன்று. வைத்தியரும் விவசாயியும் நோயாளியுமாகிய அனைவருடைய கடமையுமாகும்.